நாலு பேர் உள்ள ஆர்க்கிடெக்ட் அலுவலகம்: இந்த வருடம் எந்தப் பயிற்சிக்குப் போவது?

தூக்குக்குண்டு எழுதியது:

திருச்சியில் நாலு பேர் கொண்ட அலுவலகம். கவுன்சிலில் பதிவான ஆர்க்கிடெக்ட் மூன்று பேர், டிராஃப்டிங்குக்கு ஒருவர். தனி வீடுகள், ஸ்டில்ட்டுக்கு (வண்டி நிறுத்தும் தூண் தளம்) மேல் மூன்று நான்கு தளம் வரும் அடுக்ககங்கள், கீழே கடையும் மேலே கோச்சிங் சென்டருமாக வரும் கட்டடங்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி இவைதான்.

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட்கள் சங்கமான ஏ.ஐ.ஏ.-வின் உறுப்பினர் ஆண்டுக்கு 18 கற்றல் அலகு காட்ட வேண்டும். அதில் 12 உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு சார்ந்த பாடமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் அதேபோன்ற அமைப்பான ஆர்.ஐ.பி.ஏ.-வின் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 35 மணி நேரம். அதுபோல எங்களுக்கு நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை முழுதாக ஒதுக்க முடியும். வருடத்தில் ஒருமுறை ஒருவர் ஒரு வாரம் வெளியூர் போகலாம்.

கேட்க நினைப்பது மூன்று. எந்தப் பாடத்தில் தொடங்குவது? பசுமைக் கட்டடச் சான்றிதழ், பிம் (கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாடலாக வரைவது), சுண்ணாம்புப் பூச்சு, தீப்பாதுகாப்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு பயிற்சி உருப்படியானதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? நீர்க்கசிவுத் தடுப்பு, பெயின்ட், டைல் கம்பெனிகள் இலவசமாக நடத்தும் கருத்தரங்குகளை இந்த 30 மணி நேரத்தில் சேர்க்கலாமா?


மூலைமட்டம் எழுதியது:

பாடத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் சைட் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பாருங்கள். கடைசியாக முடித்த நாலைந்து வேலைகளில் மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதி, வகைவாரியாகக் கோடு போடுங்கள். படிக்கட்டு லேண்டிங் அளவு, சன்ஷேட் நீட்டம், பாத்ரூம் சங்கன் (குழாய் ஓட இறக்கிப் போடும் தளம்) ஆழம், பைப் ஷாஃப்ட், அளவெடுப்புத் தகராறு. எந்த வகையில் கோடு அதிகமோ அதுவே உங்கள் வரைபடம் பலவீனமான இடம். ஊரெல்லாம் பேசுகிற பாடத்தைவிட அந்தப் பாடம்தான் உடனே பலன் தரும்.

ஆனால் ஒரு பாடம் இந்தக் கணக்குக்குள் வராது, ஏனென்றால் அதைப் பற்றி சைட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தீயும் வெளியேறும் வழியும். மேலே கோச்சிங் சென்டர் வரும் கட்டடம் செய்கிறீர்கள் என்றால் இதுதான் முதல் பாடம், இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை எரிந்தது ஒரு காரணம். இறங்குவதற்கு இருந்த குறுகலான படி இன்னொரு காரணம். படியின் அகலம் நம் பேனாவில் இருக்கிறது.

தேசியக் கட்டட நெறி 2016-இல் தீப்பாதுகாப்பைச் சொல்லும் பகுதி 4-ஐ வைத்துச் சொல்லித்தரும் பயிற்சி வேண்டும். அது உருப்படியானதா என்று பார்க்க ஒரே சோதனை: பயிற்சி முடிவில் உங்கள் கையால் ஒரு தளத்துக்கு முழுக் கணக்கு போட வைக்கிறார்களா? உதாரணமாக 480 ச.மீ. கோச்சிங் தளம். கல்விக் கட்டடத்துக்கு ஆளுக்கு 4 ச.மீ., ஆக 120 பேர். படிக்கு ஆளுக்கு 10 மி.மீ. என்றால் 1,200 மி.மீ.; கதவு, நடைபாதைக்கு ஆளுக்கு 6.5 மி.மீ. என்றால் 780 மி.மீ. இதோடு நிறுத்திவிட்டால் தப்பு. குறைந்தபட்ச அகல விதி தனியாக இருக்கிறது: கல்விக் கட்டடப் படிக்கு 1,500 மி.மீ., வெளியேறும் கதவுக்கு 1,000 மி.மீ. கணக்கில் வந்தது, குறைந்தபட்சம் சொல்வது, இரண்டில் பெரியதுதான் வரைபடத்தில் ஏற வேண்டும். அதன்பிறகு, ஒரு படி புகையால் அடைபட்டாலும் மொத்த வெளியேறும் திறனில் பாதியாவது மிஞ்ச வேண்டும். நாலாவதாக நடைதூரம்: தீயைத் தாங்கும் திறனில் முதல் இரண்டு வகைக் கட்டுமானத்துக்கு 30 மீட்டர். இதை அறையின் கடைசி மூலையிலிருந்து, பெஞ்சைச் சுற்றி நடந்துபோகும் வழியாக அளக்க வேண்டும். கதவிலிருந்து நேர்கோடு போட்டு அளப்பதுதான் பெரும்பாலான வரைபடங்களில் நடக்கிற தப்பு.

இன்னொன்று, சட்ட எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களைப் பயிற்சி தொட வேண்டும். தேசிய நெறிக்கு 15 மீட்டரிலேயே உயர்கட்டடம் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்கட்டடம். இடையில் வரும் 16, 17 மீட்டர் கட்டடத்தை எப்படி வடிவமைப்பது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் பயிற்றுநர் விதிப் புத்தகத்தைப் படித்துக்காட்ட வந்தவர்.

ஏ.ஐ.ஏ. கணக்கில் எனக்குப் பிடித்தது 18-க்கு 12 என்கிற விகிதம்தான். உங்கள் 30 மணி நேரத்தில் 20 மணி நேரம் மக்கள் உயிர், உடல்நலம் சார்ந்தது; மீதி 10 உங்கள் விருப்பம். இதை இப்போதே எழுதி ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் வருடம் முழுக்க சாஃப்ட்வேர் வகுப்பாகவே போய்விடும்.


வெயில்பக்கம் எழுதியது:

தீப்பாதுகாப்பு முதலில், சரி. ஆனால் அடுத்த இடம் வெப்பக் கணக்குக்குத்தான். பசுமைச் சான்றிதழையும் வெப்பக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லீட் என்ற பசுமைச் சான்றிதழ் முறையின் கிரீன் அசோசியேட் தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், 200-க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. தேர்வோடு முடியாது: இரண்டு வருடத்துக்கு 15 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும், அடுத்த படியான லீட் ஏ.பி. என்றால் 30 மணி நேரம். சான்றிதழ் வாங்கும் ஐடி வளாகங்கள், தொழிற்சாலைகள் உங்களிடம் வந்தால் இது சரியான செலவு. தனி வீடும் சின்ன அடுக்ககமும் செய்யும் அலுவலகத்துக்கு அந்த நேரத்தை, குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி நெறியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-ஐக் கற்றுக்கொள்ளச் செலவிடுவதே மேல். 500 ச.மீ. மனைக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் அதன் கணக்கு 1,200 சதுர அடி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டு கணக்கு கைக்கு வந்தால் போதும். முதலாவது கூரை. குளிர்ப் பிரதேசமோ வெப்பப் பிரதேசமோ, யு-மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது நெறி. நம் ஊர் வழக்கமான மொட்டைமாடியை எடுத்துக்கொள்ளுங்கள்: 12 மி.மீ. சீலிங் பூச்சு, 125 மி.மீ. ஆர்.சி.சி. தளம், மேலே 75 மி.மீ. செங்கல் ஜல்லி சுண்ணாம்பு (பேச்சில் ‘சுருக்கி’), அதன்மேல் 20 மி.மீ. தட்டோடு. ஒவ்வொரு அடுக்குக்கும் தடிமனை மீட்டரில் எழுதி வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை வரும். வரிசையாக 0.017, 0.079, 0.107, 0.025. உள், வெளிக் காற்றுப் படலத்துக்கு 0.17, 0.04. கூட்டினால் 0.438. ஒன்றை அதால் வகுத்தால் யு-மதிப்பு 2.28. தேவையைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழே. 1.2 வேண்டுமானால் மொத்தத் தடை 0.833 ஆக வேண்டும், பற்றாக்குறை 0.395. கடத்துதிறன் 0.035 உள்ள எக்ஸ்.பி.எஸ். (நுரைப் பிளாஸ்டிக்) பலகை கணக்குப்படி 14 மி.மீ. போதும். 25 மி.மீ. பலகை போட்டால் யு-மதிப்பு 0.87-க்கு வந்துவிடுகிறது. ‘சுருக்கி போட்டாச்சே, மாடி குளிர்ச்சியா இருக்கும்’ என்று வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன் இந்த ஆறு எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம், ஆர்.இ.டி.வி. வரம்பு ச.மீ.க்கு 15 வாட். வெப்ப-ஈரப்பத மண்டலத்துக்கு, அதாவது சென்னை மாதிரி ஊருக்கு, சுவரின் கெழு 5.15, ஜன்னல் கடத்தலுக்கு 1.31, ஜன்னல் வழி நுழையும் வெயிலுக்கு 65.21. திசைக் காரணியை (முகப்பு பார்க்கும் திசைக்கான பெருக்கெண்) 1 என்று வைத்து ஒரு முகப்பைப் போட்டுப் பாருங்கள். சுவர் 80 சதவீதம், ஜன்னல் 20 சதவீதம். 230 மி.மீ. செங்கல் சுவர் யு-மதிப்பு 2.0, சாதாரணக் கண்ணாடி 5.8, வெயில் நுழைவு 0.8. பரப்பின் பங்கு, மதிப்பு, கெழு மூன்றையும் பெருக்கினால் சுவர் 8.2, கடத்தல் 1.5, வெயில் 10.4. மொத்தம் 20-க்கு மேல், அதாவது தோல்வி. சன்ஷேடை நீட்டியும் பக்கத் தடுப்பு வைத்தும் வெயில் நுழைவை 0.5-க்குக் கொண்டுவந்தால் 16.3, இன்னும் தோல்விதான். அதே ஜன்னலோடு சுவரை மட்டும் 200 மி.மீ. ஏ.ஏ.சி. (காற்றுத் துளைகள் கொண்ட இலகு கான்கிரீட்) பிளாக்காக மாற்றி யு-மதிப்பை 0.75 ஆக்கினால் 11.1.

65.21 என்ற அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். இரட்டைக் கண்ணாடிக்குச் செலவு செய்வதற்கு முன் நிழலுக்குச் செலவு செய்ய வேண்டும். மேற்குப் பக்கம் 450 மி.மீ. சன்ஷேட் சாயங்கால வெயிலை நிறுத்தவே நிறுத்தாது, ஏனென்றால் சூரியன் அப்போது தாழ்வாக, நேர் எதிரே வருகிறது. அங்கே செங்குத்துத் தடுப்போ, வெளியில் திறக்கும் லூவர் கதவோதான் வேலை செய்யும்.

காற்றோட்டத்தையும் விடாதீர்கள். இதே மண்டலத்துக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம் வேண்டும். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், அந்தப் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். முழு ஜன்னலையும் எழுதிவிட்டு ‘தேறிவிட்டது’ என்று அனுப்பப்படும் ஷீட்டுகளே அதிகம்.


ரசமட்டம் எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கம்பெனிக் கருத்தரங்குக்குப் போங்கள், ஆனால் 30 மணி நேரத்தில் சேர்க்காதீர்கள். அங்கே போவதற்கு ஒரே நல்ல காரணம், டெக்னிக்கல் டேட்டா ஷீட்டை வைத்துக்கொண்டு அவர்களுடைய பொறியாளரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியும் என்பது. விற்பனையாளரை விட்டுவிட்டு அப்ளிகேஷன் பொறியாளரைப் பிடியுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம்? மொட்டைமாடிப் பூச்சு உலர்ந்தபின் 1.5 மி.மீ. தடிமன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு ச.மீ.யில் பரவினால் ஈரத்தில் 1 மி.மீ. திடப்பொருள் 60 சதவீதம் என்றால் காய்ந்தபின் 0.6 மி.மீ.தான் நிற்கும். ஆக 1.5 மி.மீ.க்கு ச.மீ.க்கு 2.5 லிட்டர். 100 ச.மீ. மாடிக்கு 250 லிட்டர், 20 லிட்டர் வாளியில் 12 வாளி முழுதாக, பதிமூன்றாவதில் பாதி. சைட்டில் ஐந்தாறு வாளி இறங்கி ‘ரெண்டு கோட் அடிச்சாச்சு சார்’ என்று முடிந்திருக்கும். கோட் எத்தனை என்று டெண்டரில் எழுதாமல், உலர் தடிமனையும் ச.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பதையும் எழுதினால் காலி வாளியை எண்ணியே சரிபார்த்துவிடலாம்.

அடுத்த கேள்வி, நீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை எப்போது? சிமென்ட் கலந்த பூச்சு என்றால் டேட்டா ஷீட் சொல்லும் பதப்படும் காலம் முடிந்த பிறகுதான். அதற்கு முன்பே தண்ணீர் கட்டினால் பூச்சு மென்மையாகி, சோதனையே கசிவுக்குக் காரணமாகிவிடும். தண்ணீர் கட்டி 48 மணி நேரம், மட்டத்தைச் சுவரில் குறித்துவைத்து, கீழ்த்தளத்தில் குழாய் துளையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் நடுத்தளத்தில் வராது. குழாய் துளை, கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், இந்த மூன்று இடம்தான். மூலையில் 50 மி.மீ. சாய்வுப் பட்டை கட்டி, பூச்சைச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. மேலேற்றும் விவரம் உங்கள் ஷீட்டில் பெரிய அளவில் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாடத்தேர்வில் என் பரிந்துரை, மேலே இருவரும் சொல்லாதது: பழைய கான்கிரீட்டைச் சோதிப்பதும் பழுதுபார்ப்பதும். 80, 90-களில் கட்டிய அடுக்ககங்கள் எல்லா ஊரிலும் கான்கிரீட் வெடித்து, கம்பி தெரிய நிற்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ராதாகிருஷ்ண பிள்ளை நடத்தும் கான்கிரீட் பராமரிப்பு-பழுதுபார்ப்புப் பாடம், ஐ.ஐ.டி.க்களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் இருக்கிறது. பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். மதிப்பெண்ணில் 25 வாராந்தர வீட்டுப்பாடத்துக்கு, 75 நேரடித் தேர்வுக்கு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வீட்டுப்பாடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஆக சைட்டில் மாட்டிக்கொண்டு நாலு வாரம் தவறினாலும் சமாளிக்கலாம். வீட்டுப்பாடத்தில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பாடம் பார்ப்பதோடு ஒரு சோதனையைக் கையால் செய்து பார்க்க வேண்டும். கார்பனேற்ற ஆழம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் 1 சதவீத ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். கார்பனேற்றம் ஆன வெளிப்பகுதி நிறமே மாறாது. நிறம் மாறாத பட்டையின் தடிமனை அளந்து, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனோடு, அதாவது கவரோடு, ஒப்பிட வேண்டும். கவர் 20 மி.மீ., நிறம் மாறாத பட்டை 22 மி.மீ. என்றால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. பலரும் செய்யும் தப்பு, டிரில் போட்ட துளைக்குள் தெளிப்பது. உள்ளிருந்து வந்த தூள் வெளிப்பகுதியில் ஒட்டி, கார்பனேற்றம் ஆன இடமும் சிவப்பாகத் தெரியும். உளியால் உடைத்து, தூளை ஊதி, உடனே தெளிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. எல்லாம் சிவப்பாக இருக்கும்போதே உப்பு கம்பியை அரித்துக்கொண்டிருக்கும். அங்கே குளோரைடு அளவும், அரைமின்கல மின்னழுத்தமும் பார்க்க வேண்டும். செம்பு-செம்பு சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் கீழே போனால் அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

ஒட்டுப் போடும் விவரமும் நாம் வரைந்துகொடுக்க வேண்டியதே. வெடித்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் இரண்டு வருடத்தில் ஒட்டைச் சுற்றிப் புதிதாக வெடிக்கும், காரணம் புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பியும் பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பியும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ., உடைத்து, துரு ஏறாத கம்பி தெரியும்வரை நீளவாட்டில் போக வேண்டும். இது டெண்டரில் இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் செய்ய மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.


தூக்குக்குண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாட்ஸ்அப் கணக்கை நேற்றே எடுத்தோம். அளவெடுப்பு, பில் தகராறு முதலிடம். பாத்ரூம் சங்கன் இரண்டாவது. பிம் பற்றி யாரும் சொல்லவில்லையே? இங்கே பயிற்சி மையங்களில் 40 மணி நேர ரெவிட் (பிம் சாஃப்ட்வேர்) வகுப்பு நடக்கிறது. அலுவலகத்தில் ஒருவருக்கு சுண்ணாம்பு, மண் கட்டுமானத்தில் மிகுந்த ஆர்வம். அந்த ஒரு வார வெளியூர்ப் பயணத்தை அதற்கு ஒதுக்கலாமா?


மூலைமட்டம் எழுதியது:

அளவெடுப்புக்கு 40 மணி நேரம் வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். அளவெடுப்புக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 1200-ஐ எடுத்து, கொத்துவேலைப் பகுதியையும் பூச்சுப் பகுதியையும் மட்டும் படியுங்கள். பூச்சில் 0.5 ச.மீ. வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. 0.5 முதல் 3 ச.மீ. வரை சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், ஓரப் பூச்சுக்குத் தனியாகக் கூட்டக் கூடாது. 3 ச.மீ.க்கு மேல் இரண்டு முகமும் கழித்து, ஓரங்களை அளந்து கூட்ட வேண்டும். பூச்சு பில் தகராறில் பெரும்பகுதி இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும். 1,200க்கு 1,500 ஜன்னல் 1.8 ச.மீ., நடு வகை. 2,100க்கு 1,500 ஹால் ஜன்னல் 3.15 ச.மீ., மூன்றாம் வகை. ஒரே வீட்டில் இரண்டும் வரும். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்து, மூவரும் தனித்தனியாக அளவெடுத்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். டெண்டரிலேயே ‘அளவெடுப்பு ஐ.எஸ். 1200 படி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அடுத்த வேலையில் பேச்சே வராது.

ரெவிட் வகுப்பைப் பொறுத்தவரை, மையம் சொல்லித்தருவது கமாண்டுகளை. அலுவலகத்துக்கு வேண்டியது டெம்ப்ளேட், வியூ டெம்ப்ளேட், சுவர் வகைகளின் பெயரிடல், ஷெட்யூல், ஆயத்தொலைவு ஒத்திசைவு (எல்லோருடைய மாடலும் ஒரே புள்ளியில் பொருந்துவது). சேர்வதற்கு முன் கேளுங்கள்: எங்கள் அலுவலகத்தில் கட்டி முடித்த ஜி+2 வீட்டையே பயிற்சிக் கட்டடமாக எடுத்துக்கொள்ளலாமா? கடைசி நாளில் அனுமதி வரைபடமும் கதவு-ஜன்னல் ஷெட்யூலும் அந்த மாடலிலிருந்தே அச்செடுப்போமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் சேருங்கள். ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள்; அவர் வேலை மாறிப் போனால் எல்லாம் அவரோடு போய்விடும். இரண்டு பேர். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதுப் பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. நடக்கிற வேலையில் முதல்முறை முயலாதீர்கள்.


மணியாசுகட்டை எழுதியது:

ஆர்வமுள்ளவரைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் இரண்டு நாள் வார இறுதிப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் இறுகும், அது மெதுவாக நடக்கிற வேலை. முதல் பூச்சு இறுகி, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதத்துக்கு வந்த பிறகே அடுத்த பூச்சு ஏற்ற வேண்டும். இரண்டு நாளில் அந்தப் பதத்தையே பார்க்க முடியாது, சுருக்க வெடிப்பு எப்படி வருகிறது, மணியாசுகட்டையால் எப்போது மறுபடி அழுத்தித் தேய்த்தால் அது மூடும் என்பதையும் பார்க்க முடியாது. படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

பயிற்சி நடத்துபவரிடம் நாலு விஷயம் விசாரியுங்கள். சுட்ட சுண்ணாம்பை அங்கேயே நீர்விட்டுத் தாளிக்கிறார்களா, பையில் வரும் பொடியா? தாளித்த களி எத்தனை நாள் ஊறியது? சரியாகத் தாளிக்காத துகள் சுவரில் ஏறினால் பிற்பாடு ஈரம் பட்டு ஊதி, பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். வேலை முடிந்து பல மாதம் கழித்துக்கூட வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை எந்த அளவில் சேர்க்கிறார்கள், அளந்து சேர்க்கிறார்களா, கைக்கணக்கா? கடைசியாக, சிமென்ட் கலக்கிறார்களா? ‘சீக்கிரம் இறுக’ என்று ஒரு சட்டி சிமென்ட் போடுபவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கலவையை ஏற்றினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு செங்கல்லைத்தான் அரிக்கும்.

மண் கட்டுமானத்துக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, 1989-இல் சத்பிரேம் மைனி தொடங்கியது. அழுத்தி நிலைப்படுத்திய மண்கல், வளைவு, வில்கூரை, கவிமாடம் என்று தனித்தனிப் பயிற்சிகள். மண்கல்லுக்கு அவர்கள் சொல்லும் நல்ல மண்: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். சிமென்ட் சராசரி 5 சதவீதம். மண்கல்லில் நாம் கோட்டை விடும் இடம் பிரஸ் இல்லை, மண்ணும் ஈரம் காப்பதும்தான். களி கூடுதலாக இருக்கும் வண்டல் மண்ணில் சிமென்டைக் கூட்டிக் கூட்டிப் போட்டாலும் கல் சுருங்கி வெடிக்கும். மணல் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். காவிரிக் கரைப் பக்கம் உங்களுக்கு வண்டலும் களியும்தான் கிடைக்கும். ஆகவே போகிறவர், சைட் மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் நீர்விட்டுக் குலுக்கி அடுக்கடுக்காகப் படியவிட்டுப் பார்த்த அளவுகளைக் கையோடு கொண்டுபோகட்டும். கூடவே ஐந்து கிலோ மண்ணும்.

புராதனக் கட்டடப் பக்கம் ஈடுபாடு இருந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸில் பாரம்பரியக் கட்டுமானப் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. பட்டறை அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.


வெயில்பக்கம் எழுதியது:

ஒரு வருடத்துக்கு அட்டவணை போட்டால் இப்படி வைக்கலாம். என்.பி.டி.இ.எல். ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம். ஜூலைப் பருவத்தில் இருவர் கான்கிரீட் பாடம். தீப்பாதுகாப்பை மூவரும் சேர்ந்து மூன்று சனிக்கிழமை: முதல் நாள் நெறியின் பகுதி 4-ஐப் படிப்பது, இரண்டாம் நாள் இப்போது டேபிளில் இருக்கும் கோச்சிங் கட்டடத்துக்குக் கணக்கு, மூன்றாம் நாள் தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து அந்தக் கணக்கைக் காட்டித் திருத்தச் சொல்வது. வெப்பக் கணக்குக்கு இரண்டு சனிக்கிழமை. அளவெடுப்புக்கு ஒன்று, சங்கன் தளத்துக்கு ஒன்று. இதிலேயே ஏழு சனிக்கிழமை போய்விட்டது, மழைக்காலத்துக்கும் பண்டிகைக்கும் இரண்டை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் இரண்டு வாரத்துக்குள் அலுவலக ஸ்டாண்டர்ட் ஷீட் ஒன்று வர வேண்டும், ஏ3 தாளில். கூரை அடுக்கு விவரம் யு-மதிப்போடு. சங்கன் தளம் 1:10 அளவில். வெளியேறும் வழிக் கணக்கு அட்டவணை. ஷீட்டின் மூலையில் எந்த நெறி, எந்த வருடப் பதிப்பு என்று எழுதுங்கள். தமிழ்நாட்டு விதிகளுக்குத் திருத்த ஆணைகள் அடிக்கடி வருவதால், பதிப்பு எழுதாத ஷீட்டை அடுத்த வருடம் நம்பி எடுக்க முடியாது. வெளியூர் போனவரும் இதற்கு விலக்கில்லை: மண்கல் சுவருக்கு அடித்தள ஈரத்தடுப்பு, லிண்டல் பட்டை, கைப்பிடிச் சுவர் மூடி, மூன்றும் ஒரே தாளில்.

சங்கன் சனிக்கிழமைக்கு உங்கள் பிளம்பரையும் கூப்பிடுங்கள். 200 மி.மீ. சங்கனில் 110 மி.மீ. குழாய் எந்தச் சரிவில் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். 1:60 சரிவில் 3 மீட்டருக்கு 50 மி.மீ. இறக்கம். குழாய் 110, இறக்கம் 50, மொத்தம் 160. பூச்சுக்கும் ஸ்க்ரீடுக்கும் டைலுக்கும் சேர்த்து மிஞ்சுவது 40 மி.மீ. நஹானி டிராப்பின் (தரை வடிகாலின் நீரடைப்பு) உயரத்தை அதில் வைத்துப் பார்த்தால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும்.